கோடு எங்கே போடுவது? சப்நெட் கேள்வி – பதில்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "சப்நெட் பிரிப்பது ஐந்து நிமிட வேலை, எங்கே பிரிப்பது என்று முடிவெடுக்கத்தான் ஐந்து நாள் ஆகும்" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எனவே இந்த முறை முழுக்க அதுதான்: ஒரு நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாக, அதாவது சப்நெட்டுகளாக, எங்கே வெட்டுவது. இருபது வருஷத்துக்கு மேலாக நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவள் நான். பாடப்புத்தகத்தில் இருப்பதையும் சொல்கிறேன், நான் சூடுபட்டதையும் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் நெட்வொர்க் பாடம் படிக்கும் மாணவி. /24, /25, /26 எல்லாம் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் 172.16.37.200/21 என்று கொடுத்து, இது எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று கேட்டால் கை ஓடவில்லை. பைனரியில் எழுதிப் பார்ப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. குறுக்கு வழி உண்டா?

உண்டு. ஆனால் ஒரே ஒரு முறை நேர் வழியில் நடந்துவிட்டு வாருங்கள். அப்போதுதான் குறுக்கு வழி மறந்துபோனாலும் கைவிடாது.

ஐபி முகவரி (நான் சொல்வது ஐபிவி4) என்பது 32 பிட், அதாவது பூஜ்யமும் ஒன்றுமாக 32 இலக்கம். நடுவே புள்ளி வைத்து நான்கு எண்களாக எழுதுவது நம் கண்ணுக்காக. கம்ப்யூட்டருக்கு அது ஒரே நீளமான வரிசை. /21 என்றால் அந்த வரிசையில் 21 பிட்டுக்குப் பிறகு ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் நெட்வொர்க், வலப்பக்கம் இருக்கும் 11 பிட் அந்த நெட்வொர்க்குக்குள் இருக்கும் கருவி. முதல் இரண்டு எண்களிலேயே 16 பிட் முடிந்துவிட்டது. மிச்சம் 5 பிட் மூன்றாவது எண்ணிலிருந்து வரவேண்டும். ஆக, கோடு விழுவது 37 என்ற எண்ணின் வயிற்றில். உங்கள் பயத்துக்குக் காரணம் இதுதான். /24-ல் கோடு சரியாகப் புள்ளியின் மேல் விழுவதால் யாருக்கும் வலிப்பதில்லை.

37-ஐ பைனரியில் எழுதினால் 00100101. இடமிருந்து ஐந்தை வைத்துக்கொண்டு, கடைசி மூன்றைப் பூஜ்யமாக்குங்கள்: 00100000. அது 32. எனவே நெட்வொர்க் 172.16.32.0. அவ்வளவுதான் கணக்கு.

இப்போது குறுக்கு வழி. கோடு எங்கே என்று கருவிக்குச் சொல்லும் எண்ணுக்கு மாஸ்க் என்று பெயர்; அதில் கோட்டுக்கு இடப்பக்கம் எல்லாம் ஒன்று, வலப்பக்கம் எல்லாம் பூஜ்யம். ஐந்து பிட் என்றால் மாஸ்க்கில் அந்த இடத்து எண் 128+64+32+16+8, அதாவது 248. அதை 256-லிருந்து கழித்தால் 8. நெட்வொர்க்குகள் எட்டெட்டாகத் தாவும்: 0, 8, 16, 24, 32, 40. நம்முடைய 37 எங்கே விழுகிறது? 32-க்கும் 40-க்கும் நடுவில். நெட்வொர்க் 172.16.32.0, அடுத்தது தொடங்குவது 172.16.40.0-ல், அதற்கு ஒன்று முன்னால் இருக்கும் 172.16.39.255-தான் பிராட்காஸ்ட், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்வதற்கான முகவரி. நடுவில் கருவிகளுக்கு 2,046 முகவரிகள். கடைசி எண்ணான 200-ஐ நாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கவனித்தீர்களா? உங்களை மிரட்டத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டியது எட்டே எண்கள்: 128, 192, 224, 240, 248, 252, 254, 255. அந்தப் பெரிய அட்டவணையைக் கிழித்துப் போடலாம்.

இன்னொன்று, இது பரீட்சையில் வராது, வேலையில் வரும். உங்கள் கம்ப்யூட்டர் ஒரு பாக்கெட்டை (தகவல் பொட்டலத்தை) அனுப்பும் முன் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. தன் முகவரிக்கும் போகவேண்டிய முகவரிக்கும் இடப்பக்கம் ஒன்றாக இருந்தால், "இந்த முகவரி யாருடையது?" என்று அதே நெட்வொர்க்குக்குள் கூவி, நேராகக் கொடுத்துவிடும். வேறாக இருந்தால், நெட்வொர்க்கை விட்டு வெளியே போகும் வாசலான கேட்வேயிடம் தள்ளிவிடும். இதில் கவனிக்க வேண்டியது: மாஸ்க் என்பது பாக்கெட்டோடு போவதே இல்லை. முகவரி போகும், மாஸ்க் போகாது. ஒவ்வொரு கருவியும் தன்னிடம் எழுதிவைத்திருக்கும் மாஸ்க்கை மட்டும் நம்பி முடிவெடுக்கிறது. இதை மனதில் வையுங்கள், கீழே ஒரு கதைக்குத் தேவைப்படும்.

கேள்வி: ஏன் எப்போதும் இரண்டைக் கழிக்கிறோம்? 0-வில் முடியும் முகவரியையும் 255-ல் முடியும் முகவரியையும் கருவிக்குக் கொடுக்கவே கூடாது என்கிறார்களே?

வலப்பக்கத்துப் பிட்டுகள் எல்லாம் பூஜ்யமாக இருந்தால் அது நெட்வொர்க்கின் பெயர்; எல்லாம் ஒன்றாக இருந்தால் எல்லாருக்குமான பிராட்காஸ்ட். அதனால்தான் இரண்டு குறைகிறது. ஆனால் "0-வும் 255-ம் ஆகாது" என்பது /24-ஐ மட்டும் பார்த்துப் பழகியவர்கள் சொல்வது. 10.20.4.0/23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 10.20.4.0-வில் தொடங்கி 10.20.5.255-ல் முடிகிறது. நடுவில் இருக்கும் 10.20.4.255-ம் 10.20.5.0-வும் கருவிக்குத் தாராளமாகக் கொடுக்கக்கூடிய முகவரிகள். நான் கொடுப்பதில்லை. விதி தடுப்பதால் அல்ல; பிறகு வந்து பார்க்கும் யாரோ அதைத் தப்பு என்று நினைத்து "சரிசெய்து" வைத்துவிடுவார்கள் என்ற பயம்தான்.

இரண்டு ரவுட்டர்களை நேராக இணைக்கும் வயருக்கு மட்டும் /31 போடலாம் என்று 2000-லேயே விதி வந்துவிட்டது. அங்கே இரண்டே முகவரி, இரண்டுமே பயன்படும், கழித்தல் கிடையாது.

கேள்வி: மேடம், எங்கள் பயிற்சி நிலையத்துக்கு நெட்வொர்க் திட்டம் போட்டேன். கம்ப்யூட்டர் 100, மாணவர் லேப் 50, கேமரா 25, பிரிண்டரும் சர்வரும் சேர்ந்து 10, ரவுட்டர் இணைப்பு இரண்டு. எல்லாவற்றையும் 192.168.40.0/24 என்ற ஒரே வரிசைக்குள் அடக்கிவிட்டேன்: 0-விலிருந்து /25, 128-லிருந்து /26, 192-லிருந்து /27, 224-லிருந்து /28, 240-லும் 244-லும் இரண்டு /30. கடைசியில் எட்டு முகவரிதான் மிச்சம்! சரியாக இருக்கிறதா?

கணக்குக்கு முழு மதிப்பெண். ஒரு பிழையும் இல்லை. பெரியதை முதலில் வைத்து இறங்கு வரிசையில் போயிருக்கிறீர்கள்; அதுதான் முறை. ஒவ்வொரு துண்டும் தன் அளவின் மடங்கில்தான் தொடங்க முடியும். 64 முகவரி கொண்ட /26-ஐ 32-ல் தொடங்கவே முடியாது. சிறியதை முதலில் வைத்தவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் மாட்டவில்லை.

ஆனால் இதைத் திட்டமாக என் மேசைக்குக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஏன் என்று கேமராவை வைத்துப் பார்ப்போம். 25 கேமராவுக்கு /27 கொடுத்திருக்கிறீர்கள். அதில் 30 முகவரி. கேட்வேக்கு ஒன்று போனால் 29. அடுத்த வருஷம் இன்னும் ஆறு கேமரா வாங்குகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 31, இடம் 29. சரி, எட்டு முகவரிதான் மிச்சம் இருக்கிறதே என்பீர்கள். அந்த எட்டும் 248-ல் இருக்கிறது, கேமராவோ 192-க்கும் 223-க்கும் நடுவில் இருக்கிறது. இரண்டையும் ஒட்டவைக்க வழியில்லை. /27-ஐ /26 ஆக்கலாம் என்றால் அது 192 முதல் 255 வரை மொத்தத்தையும் கேட்கும். அதாவது சர்வர், பிரிண்டர், இரண்டு ரவுட்டர் இணைப்பு எல்லாவற்றையும் காலி செய்யவேண்டும். ஆறு கேமராவுக்காக சர்வரின் முகவரியை மாற்றுவதா? ஒரு முறை செய்து பாருங்கள், பிறகு ஜென்மத்துக்கும் /27 போடமாட்டீர்கள்.

இந்தச் சிக்கனம் நமக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று யோசித்திருக்கிறேன். 1981-ல் ஐபி விதி எழுதப்பட்டபோது மூன்று அளவுச் சட்டைகள்தான்: ஏ வகுப்பில் ஒன்றரைக் கோடிக்கும் மேல், பி வகுப்பில் 65,534, சி வகுப்பில் 254. முந்நூறு கருவி வைத்திருப்பவருக்கு சி போதாது. பி வாங்கினால் அறுபத்தைந்தாயிரம் வீண். அந்தப் பெரிய துண்டை உள்ளே நறுக்கிக்கொள்ள 1985-ல் சப்நெட் விதி வந்தது. 1993-ல் வகுப்புகளையே தூக்கிப்போட்டுவிட்டு, கோட்டை எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று சைடர் முறை வந்தது. (192.168 என்றாலே "சி வகுப்பு" என்று இன்னமும் சொல்லிக்கொடுப்பவர்கள் 1993-ஐத் தாண்டவில்லை என்று அர்த்தம்.) 2011 பிப்ரவரியில் உலகளாவிய கையிருப்பின் கடைசித் துண்டுகளும் பிராந்தியப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. ஆக, இணையத்தில் நேராகத் தெரியும் பொதுமுகவரியில் ஒவ்வொன்றையும் எண்ணிச் செலவழிப்பது நியாயம். இணைய நிறுவனம் உங்களுக்கு /29 கொடுத்தால் அதில் ஆறு. அவர்களுடைய கேட்வேக்கு ஒன்று போக ஐந்து. அங்கே கஞ்சத்தனம் தேவைதான்.

நீங்கள் கஞ்சத்தனம் காட்டியிருப்பதோ கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள்முகவரியில். 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றையும் கூட்டினால் 1,78,91,328 முகவரிகள், யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதில் 256-க்குள் 185 கருவிகளை நெருக்கி உட்காரவைத்துவிட்டு எட்டு மிச்சம் என்று சந்தோஷப்படுகிறீர்கள்!

நானாக இருந்தால் 10.30.16.0/20 எடுத்துக்கொள்வேன். அதற்குள் 10.30.16 முதல் 10.30.31 வரை பதினாறு /24-கள் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கு 16, லேப்புக்கு 18, கேமராவுக்கு 20, பிரிண்டருக்கு 22, சர்வருக்கு 24, விருந்தினர் வைஃபைக்கு 26. நடுவில் இருக்கும் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் காலி. வேண்டுமென்றேதான். நாளைக்கு லேப் பெருகினால் மாஸ்க்கை /24-லிருந்து /23 ஆக்கினால் போதும், 19-ம் சேர்ந்துகொள்ளும். யாருடைய முகவரியும் மாறாது. லேப்பை 19-ல் தொடங்கியிருந்தால் இது நடக்காது; /23 இரட்டைப்படை எண்ணில்தான் தொடங்கும். வீ-லேன் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) எண்ணையும் அதே 16, 18, 20 என்றே வைத்துவிடுங்கள். நடுராத்திரி யாராவது போன் செய்து "20.14 வேலை செய்யவில்லை" என்றால், கண்ணைத் திறக்காமலே அது கேமரா என்று சொல்லிவிடலாம். இன்னொரு கட்டடத்தோடு இணையும்போது அவர்களுடைய ரவுட்டரில் 10.30.16.0/20 என்று ஒரே வரி எழுதினால் உங்கள் நிலையம் முழுவதும் அடங்கிவிடும்.

அதற்காக ஒரேயடியாக அகலக்கால் வைத்து, எல்லாரையும் ஒரு /16-ல் போட்டுவிடாதீர்கள். முன்னே சொன்னேனே, கூவிக் கேட்பது, அது அந்த நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கருவியின் காதிலும் விழும். யாராவது ஒரு வயரின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் சொருகிவிட்டால், அந்தக் கூச்சலில் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். நெட்வொர்க் சிறியதாக இருந்தால் படுப்பதும் சிறிய துண்டுதான். என் கணக்கில் ஒரு /23-க்கு மேல் போனால் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும்.

நீங்கள் கடிதத்தில் எண்ணிக்கையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்: 100, 50, 25, 10. யார் யாரோடு பேசவேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. கேமராவுக்கும் மாணவர் லேப்புக்கும் என்ன பேச்சு? ஒன்றும் இல்லை. பிரிண்டரும் சர்வரும் ஒரே துண்டில் ஏன்? பத்தோடு பத்தாக இருக்கட்டும் என்றுதானே? பிரிண்டரை வருஷக்கணக்காக யாரும் அப்டேட் செய்யமாட்டார்கள். சர்வர் பக்கத்தில் அதை உட்காரவைக்காதீர்கள். இந்தப் பட்டியலை முதலில் எழுதுங்கள். நான் சொன்ன ஐந்து நாள் அதற்குத்தான்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் /24-ஐ /23 ஆக மாற்றினோம். புதிதாக வந்த கம்ப்யூட்டர்களில் சில கருவிகள் மட்டும் கிடைப்பதில்லை. இணையம் நன்றாக வருகிறது. வயர், ஸ்விட்ச் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டோம். பழைய கம்ப்யூட்டர்களில் ஒரு பிரச்சினையும் இல்லை.

வயரையும் ஸ்விட்ச்சையும் பழைய இடத்திலேயே மாட்டிவிடுங்கள், பாவம். இதே தப்பை நானும் செய்து இரண்டு நாள் அலைந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடம். 10.20.4.0/24 நிரம்பிவிட்டது. கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியில் /23 என்று மாற்றினேன், எங்களுக்குக் கேட்வேயாகவும் காவலாகவும் இருந்த ஃபயர்வாலில் 10.20.4.1 என்ற கேட்வே முகவரிக்கும் மாற்றினேன். புதிய கம்ப்யூட்டர்களுக்கு 10.20.5 என்று தொடங்கும் முகவரிகள் வந்தன. இணையம் வந்தது. வேலை முடிந்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை, புதிய கம்ப்யூட்டர் ஒன்றிலும் ஃபைல் சர்வர் திறக்கவில்லை. பழையவை எல்லாவற்றிலும் திறக்கிறது. அப்படியானால் தப்பு புதிய கம்ப்யூட்டரில்தானே? எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

சர்வரில் உட்கார்ந்து, புதிய கம்ப்யூட்டர் ஒன்றான 10.20.5.30-ஐ பிங் செய்தேன், அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பார்த்தேன். போனது. புதிய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சர்வரை, அதாவது 10.20.4.10-ஐ பிங் செய்தேன். போகவில்லை. அந்தப் பக்கமிருந்து கேட்டால் பதில் வருகிறது, இந்தப் பக்கமிருந்து கேட்டால் வரவில்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. புதிய கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பு மென்பொருளை எல்லாம் நீக்கிப் பார்த்தோம். இரண்டில் விண்டோஸையே புதிதாகப் போட்டோம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் போட்டோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம், வேறு எதுவும் தோன்றாமல், சர்வரிலிருந்து 10.20.5.30-க்கு, பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ் ரூட்டை ஓட்டினேன். ஒரே நெட்வொர்க் என்றால் ஒரே தாவலில் போய்ச் சேரவேண்டும். திரையில் இரண்டு வரி வந்தது. முதல் வரியில் 10.20.4.1. இரண்டாவது வரியில் 10.20.5.30. பத்தடி தள்ளி இருக்கும் கம்ப்யூட்டருக்கு சர்வர் ஏன் ஃபயர்வால் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது? சர்வரின் ஐபி அமைப்பைத் திறந்தேன். 255.255.255.0.

டிஹெச்சிபியில் மாற்றியது டிஹெச்சிபி வாங்கும் கருவிகளுக்கு மட்டும்தான் போகும். சர்வருக்கு முகவரியை என்றைக்கோ கையால் எழுதிவைத்திருந்தோம். அதைப் பொறுத்தவரை உலகம் இன்னும் /24. புதிய கம்ப்யூட்டரோ /23-ஐ நம்பி, சர்வர் தன் நெட்வொர்க்கில்தான் இருக்கிறது என்று நேராகப் பேசியது. சர்வர், "10.20.5 என் நெட்வொர்க் இல்லையே" என்று பதிலை ஃபயர்வாலிடம் கொடுத்தது. ஃபயர்வாலுக்கு, கேள்வியே வராமல் பதில் மட்டும் வருகிறது. சந்தேகப்பட்டு அதைக் கீழே போட்டுவிட்டது. நான் சர்வரிலிருந்து பிங் செய்தபோது கேள்வி ஃபயர்வால் வழியாகப் போனது, பதில் நேராக வந்துவிட்டது. அதனால் அது மட்டும் வேலை செய்தது. மாஸ்க் பாக்கெட்டோடு போவதில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதன் விளைவு இதுதான். இரண்டு பேரும் வேறு வேறு மாஸ்க்கை நம்பிக்கொண்டிருந்தால், அதைச் சொல்லிக்கொடுக்க நடுவில் யாரும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: கையால் முகவரி எழுதப்பட்ட கருவிகளைப் பட்டியலிடுங்கள். சர்வர், பிரிண்டர், வருகைப் பதிவு இயந்திரம், கேமரா பதிவுக் கருவி, வைஃபை பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மாஸ்க்கை 255.255.254.0 ஆக்குங்கள். எங்கள் இடத்தில் மொத்தம் பதினொன்று இருந்தது. நான் நினைத்திருந்தது மூன்று.

நேர்மாறான தப்பும் உண்டு. மாஸ்க் தேவைக்குமேல் பெரிதாக, /24-க்குப் பதில் /16 என்று எழுதிவிட்டால், வேறு நெட்வொர்க்கில் இருக்கும் கருவியையும் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் கூவிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் பதிலே வராது. அது கண்டுபிடிக்கச் சுலபம், ஏனென்றால் சுத்தமாக வேலை செய்யாது. பாதி வேலை செய்வதுதான் ஆளைக் கொல்லும்.

கேள்வி: வீட்டிலிருந்து விபிஎன்னில் (அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான பாதையில்) இணைந்தால் சிலருக்கு மட்டும் அலுவலக சர்வர் கிடைப்பதில்லை. என்ன காரணம்?

அலுவலக நெட்வொர்க் 192.168.1.0/24 அல்லது 192.168.0.0/24 தானே? வீட்டு ரவுட்டர்கள் பலவும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அந்த எண்களோடுதான் வருகின்றன. அவர்கள் 192.168.1.20 என்ற உங்கள் சர்வரைத் தேடும்போது, அவர்களுடைய லேப்டாப் தன் வீட்டுக்குள்ளேயே தேடிப் பார்த்துவிட்டு கையை விரிக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் போய் ரவுட்டரை மாற்றமுடியாது, அலுவலகத்தைத்தான் மாற்றவேண்டும். யாருக்கும் சட்டென்று தோன்றாத எண்ணாக எடுங்கள். 10.0.0-வும் 10.1.1-ம் எல்லாருக்கும் தோன்றும்; 10.87 தோன்றாது. மென்பொருள் எழுதும் குழு இருந்தால் 172.17-ஐயும் தவிர்த்துவிடுங்கள், அவர்கள் நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டப் பயன்படுத்தும் டாக்கர் தானாகவே 172.17.0.0/16-ஐ எடுத்துக்கொண்டு உட்காரும்.

கேள்வி: சப்நெட் பிரித்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும்தானே?

வராது. ஒரே ஸ்விட்ச்சில், வீ-லேன் பிரிக்காமல், இரண்டு சப்நெட் எண்களை மட்டும் எழுதிவைத்தால், அது தரையில் சாக்பீஸால் போட்ட கோடு. லேப்பில் இருப்பவர் தன் முகவரியைக் கையால் மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடலாம். வீ-லேன் பிரித்தால் சுவர் வரும். ரவுட்டரோ ஃபயர்வாலோ விதி எழுதினால்தான் அந்தச் சுவரின் கதவுக்குப் பூட்டு வரும். விதி எழுதாத ரவுட்டர் இரண்டு பக்கத்தையும் தாராளமாகப் பேசவிடும். அதன் வேலையே அதுதான்.

கேள்வி: விருந்தினர் வைஃபைக்கு /24 கொடுத்திருக்கிறோம். ஒரே நேரத்தில் 80 பேருக்குமேல் இருப்பதில்லை. ஆனாலும் மதியத்துக்குமேல் புதிதாக வருபவர்களுக்கு 169.254 என்று ஏதோ முகவரி வருகிறது, இணையம் வருவதில்லை. /22 ஆக்கிவிடலாமா?

169.254 என்றால், "கேட்டேன், யாரும் முகவரி தரவில்லை, நானே ஒன்று வைத்துக்கொண்டேன்" என்று கருவி சொல்கிறது. ஒரே நேரத்தில் 80 பேர்தான், ஆனால் இந்த வாரம் முழுவதும் வந்துபோனவர்கள் எத்தனை பேர்? டிஹெச்சிபி கொடுக்கும் முகவரிக்கு ஒரு குத்தகைக் காலம் உண்டு. விண்டோஸ் சர்வரில் யாரும் கை வைக்காவிட்டால் அது எட்டு நாள். திங்கட்கிழமை பத்து நிமிஷம் வந்துபோனவரின் போன் அடுத்த வாரம்வரை முகவரியைப் பிடித்துவைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, இப்போதைய போன்கள் தங்கள் வன்பொருள் முகவரியை மறைத்துப் புனைபெயரில் வருவதால், ஒரே போன் இரண்டு ஆளாகக் கணக்கில் ஏறுவதும் உண்டு. சப்நெட்டைத் தொடாதீர்கள். விருந்தினருக்கு மட்டும் குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள்.

கேள்வி: ஐபிவி6 வந்துவிட்டால் இந்தத் தலைவலி எல்லாம் போய்விடும் என்கிறார்களே?

எண்ணும் தலைவலி போய்விடும். அங்கே முகவரி 128 பிட்; ஒரு சாதாரண சப்நெட்டே /64. அதற்குள் இருக்கும் முகவரிகளின் எண்ணிக்கையை எழுதினால் இருபது இலக்கம் வரும். கேமரா 25-ஆ 31-ஆ என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. உங்களுக்கு /56 கிடைத்தால் 256 சப்நெட், /48 என்றால் 65,536. அவற்றை எதற்கெல்லாம் கொடுப்பது, யார் யாரோடு பேசலாம் என்பதை அப்போதும் நீங்கள்தான் உட்கார்ந்து யோசிக்கவேண்டும். அங்கே முகவரியின் ஒவ்வொரு இலக்கமும் நாலு பிட்; எனவே நாலு பிட் கணக்கில் வெட்டுங்கள், /48, /52, /56, /60 என்று. அப்போது கோடு எப்போதும் ஒரு இலக்கத்தின் ஓரத்தில் விழும். முதல் கேள்வி கேட்ட மாணவியின் 37 போல வயிற்றில் விழாது.

கேள்வி: போட்ட திட்டத்தை எதில் எழுதிவைப்பது? ஏதாவது மென்பொருள் வாங்கவேண்டுமா?

ஐம்பது சப்நெட்டுக்குள் என்றால் ஒரு எக்செல் தாள் போதும். சப்நெட், மாஸ்க், வீ-லேன் எண், கேட்வே, எதற்காக, யாரைக் கேட்பது, எந்தத் தேதியில் எழுதியது. முகவரியைக் கையால் எழுதும் கருவிகளுக்குத் தனித் தாள் வைத்து, அதில் மாஸ்க்குக்கு என்று ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள். காரணம் மேலே இரண்டு நாள் கதையாக இருக்கிறது. காலியாக விட்ட எண்களையும் "காலி, வேண்டுமென்றே" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குப் பின்னால் வருபவர் அங்கே எதையாவது கொண்டுபோய் வைத்துவிடுவார்.

நான் அந்த இடத்துக்கு முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முன்பிருந்தவர் விட்டுப்போன தாளில் 10.20.4.77 என்ற முகவரிக்கு எதிரே "தொடாதே" என்று மட்டும் எழுதியிருந்தது. நான் தொடவில்லை. அந்தப் பதினொரு கருவிகளையும் தேடிப் போனபோதுதான் அது என்ன என்று தெரிந்தது: மாடிப்படிக்குக் கீழே, தூசியில், யாருமே பயன்படுத்தாத ஒரு பிரிண்டர்.